சேலை ஜாக்கெட்டை வீட்டிலேயே தைக்க: பேட்டர்ன் திருத்துவதிலிருந்து கொக்கி வைப்பது வரை

"மெஷின் நல்லா ஓட்டுவேன், ஃபிட்டிங்தான் வரமாட்டேங்குது." என்னிடம் தையல் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் தைத்த ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தால் தையல் நேராகத்தான் இருக்கும். கோளாறு அதற்கு முன்னாலேயே, துணி வெட்ட வரையும் பேப்பர் பேட்டர்னிலேயே நடந்து முடிந்திருக்கும்.

இந்த வழிகாட்டி, நேர்த்தையல் போடத் தெரிந்தவர்களுக்கு. எடுத்துக்கொள்ளும் மாதிரி: லைனிங் இல்லாத காட்டன் ஜாக்கெட், முன்பக்கம் கொக்கி, நான்கு டாட் (உடம்பின் வளைவுக்காகத் துணியைக் கூராகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு), அடியில் பட்டி, குட்டைக் கை. பிரின்சஸ் கட், கட்டோரி எல்லாம் இதில் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலை போகும் வரிசை இது: பேப்பர், அப்புறம் காடா துணி (வெளுக்காத மலிவான காட்டன்), மறுபடி பேப்பர், கடைசியில்தான் நல்ல துணி. நடுவில் எதையாவது தாண்டிப் போனால் நல்ல துணிதான் பலியாகும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

இன்ச் டேப், 12 இன்ச் ஸ்கேல், பிரவுன் பேப்பர், பென்சில், செல்லோ டேப், குண்டூசி, மார்க் செய்யும் சாக், இஸ்திரிப் பெட்டி. கத்தரி இரண்டு வேண்டும். பேப்பர் வெட்டிய கத்தரி துணியைக் கடித்து இழுக்கும். துணிக் கத்தரியை வீட்டில் யாரும் பால் பாக்கெட் வெட்ட எடுக்காத இடத்தில் வையுங்கள்.

டேப்பை ஸ்கேல் மேல் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். பழைய டேப் இழுபட்டிருக்கும். சுற்றளவு எடுக்கும்போது அந்தச் சின்ன வித்தியாசமே அரை இன்ச்சாகிவிடும்.

துணி: காடா 1 மீட்டர், நல்ல காட்டன் 1 மீட்டர். ஜாக்கெட் பிட் பொதுவாக 80 செ.மீ. வரும். பழகியவர்களுக்கு அது போதும், முதல் முறைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. சாதாரண காட்டனுக்கு 14 நம்பர் ஊசி, மெல்லிய பட்டுக்கு 11. ஊசி புதிதாக இருக்கட்டும்.

நல்ல துணியை முந்தின நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். காட்டன் முதல் நனைப்பிலேயே சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் இத்தனை திருத்தமும் வீண்.

2. அளவை உடம்பிலிருந்து எடுங்கள்

தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்தே நமக்குப் பழக்கம். வீட்டில் தைக்கும்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த ஜாக்கெட்டில் ஷோல்டர் கால் இன்ச் இறங்கியிருந்தால் புதியதிலும் இறங்கும். முன்பக்கத்தைக் கிராஸாக (துணியின் நூலுக்குச் சாய்வாக) வெட்டித் தைத்ததாக இருந்தால், துவைத்துத் துவைத்து அது இழுபட்டும் போயிருக்கும். பழைய தப்பைப் பார்த்துப் பார்த்து நகல் எடுப்பதுதான் மிச்சம்.

சேலைக்கு எந்த பிரா போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். தனக்குத்தானே அளந்தால் கை தூக்கியிருக்கும், தோள் ஏறியிருக்கும், அளவு பொய்யாகும். மூச்சை இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம்.

மேல் மார்பு: டேப் அக்குளுக்கு அடியில், மார்புக்கு மேலாகச் சுற்றி வர வேண்டும். நம் தையல்காரர்கள் பலர் இதை எடுப்பதில்லை. எனக்கு எல்லா அளவிலும் முக்கியமானது இதுதான். காரணம் அடுத்த பகுதியில்.

மார்பு: நிறைவான இடத்தில். டேப் முதுகுப்பக்கம் சரிந்து இறங்கக் கூடாது.

மார்புக்குக் கீழ்: பட்டி உட்காரும் இடம்.

பாயிண்ட் உயரம்: கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து மார்பு முனை வரை. கூடவே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உள்ள இடைவெளி.

ஷோல்டர்: முதுகுப்பக்கமாக, ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு எலும்பின் முனை வரை.

இவற்றோடு முழு உயரம், கை நீளம், கை சுற்று, கழுத்து இறக்கம். அவ்வளவுதான்.

3. பேட்டர்ன் சைஸைத் தேர்ந்தெடுப்பது

கடையில் விற்கும் ரெடிமேட் பேட்டர்னோ, தெரிந்தவரிடம் வாங்கிய பேப்பரோ, எதுவானாலும் சரி. ஆனால் மார்பு அளவைப் பார்த்து சைஸ் எடுக்காதீர்கள்.

என் நாத்தனார் விஷயத்தைச் சொல்கிறேன். மேல் மார்பு 34, மார்பு 38. வருடக்கணக்காக 38 சைஸில்தான் வெட்டிக்கொண்டிருந்தார். மார்பு சரியாக இருக்கும். ஷோல்டர் நழுவும், ஆர்ம்ஹோல் (கைக்குழி) தொங்கும், முதுகில் துணி பை மாதிரி நிற்கும். ஏனென்றால் அவருடைய எலும்புக்கூடு 38 அல்ல. மார்பு மட்டும்தான் 38.

நான் கையாண்ட பேட்டர்ன்கள் பெரும்பாலும் மேல் மார்பைவிட மார்பு 2 இன்ச் கூடுதல் என்ற கணக்கில் வரைந்தவை. ஆகவே உங்கள் மேல் மார்போடு 2 கூட்டி அந்த சைஸை எடுங்கள். நாத்தனாருக்கு 34 + 2 = 36. மார்பில் குறைகிற 2 இன்ச்சைப் பிறகு பேப்பரில் கூட்டிக்கொள்ளலாம். மார்பில் இடம் சேர்ப்பது சுலபம். கழுத்து, தோள், ஆர்ம்ஹோல் மூன்றையும் ஒன்றாகக் குறைப்பது அனுபவசாலிக்கே சிரமம்.

வெட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பேட்டர்னில் தையலுக்கு விடும் துணி சேர்ந்திருக்கிறதா, இல்லையா. இரண்டு, உள்ளே எவ்வளவு லூஸ் கொடுத்திருக்கிறார்கள். டாட்டில் போகும் அளவைக் கழித்துவிட்டு, தையல் கோட்டிலிருந்து தையல் கோட்டுக்கு அளந்தால் தெரிந்துவிடும். இழுபடாத காட்டனுக்கு மார்பில் மொத்தம் 1 முதல் ஒன்றரை இன்ச் லூஸ் போதும்.

வாங்கிய பேப்பரில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். பிரவுன் பேப்பரில் நகல் எடுத்து, நகலைத் திருத்துங்கள்.

4. முதலில் உயரம், பிறகு அகலம்

உங்கள் பாயிண்ட் உயரத்தைப் பேப்பரில் வைத்துப் பாருங்கள். பேப்பரில் 9½, உங்களுக்கு 10½ என்றால் டாட்கள் எல்லாம் 1 இன்ச் மேலே குறி வைத்து நிற்கின்றன. அப்படியே தைத்தால் மார்புக்கு மேலே வெற்றுக் கூம்பு ஒன்று எழும்பும், மார்பு அதற்குக் கீழே நசுங்கும்.

பக்க டாட், கொக்கி ஓரத்து நடு டாட் இரண்டையும் சுற்றி ஒரு கட்டம் வரைந்து வெட்டி, அந்தக் கட்டத்தை அப்படியே 1 இன்ச் கீழே நகர்த்தி ஒட்டுங்கள். கீழ் டாட், ஆர்ம்ஹோல் டாட் இரண்டுக்கும் முனையை மட்டும் புது பாயிண்ட் பக்கம் நகர்த்தி வரைந்தால் போதும். ஜாக்கெட் மொத்த உயரத்தையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

உயரத்தை ஏன் முதலில் செய்ய வேண்டும்? அடுத்து அகலம் கூட்டும்போது பாயிண்டை மையமாக வைத்துத்தான் வெட்டப் போகிறோம். மையம் தப்பான இடத்தில் இருந்தால் கூட்டிய இடமும் தப்பான இடத்தில் போய் உட்காரும்.

5. மார்பில் இடம் கூட்டுவது

புதியவர்கள் இங்கே வழக்கமாகச் செய்வது, பக்கத் தையலில் வெளியே 1 இன்ச் சேர்த்து வரைவது. அந்தத் துணி அக்குளில்தான் போய்ச் சேரும். இடம் தேவைப்படுவது மார்பின் நடுவில். ஆகவே அங்கேதான் பேப்பரைத் திறக்க வேண்டும்.

கணக்கு: மார்பு அளவிலிருந்து பேட்டர்ன் சைஸைக் கழித்து, பாதியாக்குங்கள். நாத்தனாருக்கு 38 − 36 = 2, பாதி 1. முன்பக்கம் இரண்டு துண்டு என்பதால்தான் பாதி.

முன்பக்கப் பேப்பரில் மூன்று கோடு போடுங்கள். முதல் கோடு, கீழ் டாட்டின் நடுவிலிருந்து நேராக மேலே பாயிண்ட் வரை. இரண்டாவது, பாயிண்டிலிருந்து ஆர்ம்ஹோல் டாட்டின் நடு வழியாக ஆர்ம்ஹோல் வரை. மூன்றாவது, பக்கத் தையலிலிருந்து பக்க டாட்டின் நடு வழியாக பாயிண்ட் வரை.

முதல் கோட்டையும் இரண்டாவதையும் ஒரே வெட்டாக வெட்டுங்கள். ஆர்ம்ஹோலை அறுத்துவிடாமல் விளிம்பில் ஒரு நூலளவு (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) விட்டுவிடுங்கள். அது கீல் போல வேலை செய்யும். மூன்றாவது கோட்டைப் பக்கத்திலிருந்து வெட்டி, பாயிண்டுக்கு ஒரு நூலளவு முன்னால் நிறுத்துங்கள். அங்கேயும் ஒரு கீல்.

இப்போது அடியில் புதுப் பேப்பரை விரித்து, பக்கத்துத் துண்டை மெதுவாக வெளியே நகர்த்துங்கள். முதல் கோட்டின் இரண்டு விளிம்பும் மேலிருந்து கீழ்வரை சரியாக 1 இன்ச் விலகி, ரயில் தண்டவாளம் மாதிரி இணையாக நிற்க வேண்டும். நகர்த்தும்போதே பக்க டாட் தானாக வாய் திறப்பதைப் பார்ப்பீர்கள். அது திறந்துதான் ஆக வேண்டும், பயந்து மூடிவிடாதீர்கள்.

ஒட்டிய பிறகு பார்த்தால், பக்கத்துத் துண்டு கீழே இறங்கியிருக்கும், கொக்கிப் பக்கத்துத் துண்டு குட்டையாக நிற்கும். நடு டாட்டுக்குக் கீழே கொக்கிப் பக்கத் துண்டைக் குறுக்காக வெட்டி, அடி விளிம்பு இரண்டும் சமமாகும்வரை இறக்கி ஒட்டுங்கள். மார்பு அகலம் கேட்டால் அதன் மேல் ஏறி இறங்க உயரமும் கேட்கும். இதை விட்டுவிட்டால் நடுவில் பட்டி மேலே தூக்கிக்கொள்ளும்.

கடைசியாக டாட்களைத் திருப்பி வரையுங்கள். கூட்டிய 1 இன்ச்சும் கீழ் டாட்டின் அகலத்தில் போய்விட வேண்டும். அப்போதுதான் பட்டியோடு சேரும் அளவு மாறாமல் இருக்கும். பக்க டாட் புதிதாகத் திறந்த அகலத்துக்கு, ஆர்ம்ஹோல் டாட் பழைய அகலத்துக்கே. எந்த டாட்டும் பாயிண்டைத் தொடக் கூடாது. முக்கால் இன்ச்சாவது முன்னால் நிற்கட்டும்.

மார்பு குறைவாக இருப்பவர்களுக்கு இதே வெட்டுதான். விலக்குவதற்குப் பதில் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி ஒட்டுங்கள்.

6. காடாவில் தைத்துப் போட்டுப் பார்ப்பது

கை வேண்டாம், கழுத்து முடிக்க வேண்டாம், பட்டியும் கொக்கியும் வேண்டாம். டாட், ஷோல்டர், பக்கம் மட்டும், மெஷினில் இருக்கிற நீளமான தையலில். பிரிக்கப் போகிற தையல்தானே. முன்பக்கத்தை ஊக்கு குத்தி மூடிக்கொள்ளுங்கள். தனியாக இருந்தால் முதுகை ஃபோனில் படம் எடுத்துப் பாருங்கள்; கண்ணாடியில் திரும்பிப் பார்த்தால் உடம்பு முறுக்கி, இல்லாத சுருக்கமெல்லாம் தெரியும்.

மேலிருந்து கீழே வாருங்கள். ஜாக்கெட் தோளில்தான் தொங்குகிறது, தோளைச் சரிசெய்தால் கீழே பாதிச் சுருக்கம் தானாகப் போய்விடும்.

ஷோல்டர் நழுவினால்: ஷோல்டர் தையலின் கழுத்துப் பக்க முனையில் கால் இன்ச் கூடுதலாகப் பிடித்துப் பாருங்கள். முதுகுக் கழுத்தை 8, 9 இன்ச் இறக்கி வெட்டினால் பேட்டர்ன் எவ்வளவு சரியாக இருந்தாலும் கொஞ்சம் நழுவும். முதுகில் கட்டும் குஞ்சம் வைத்த கயிறு அழகுக்கு மட்டும் இல்லை, அந்த நழுவலைப் பிடித்து நிறுத்தவும்தான்.

ஒரு தோள் இறங்கியிருந்தால்: நிறையப் பேருக்கு இது உண்டு, பை மாட்டும் தோள். இறங்கிய பக்கம் மட்டும் ஷோல்டர் முனையில் கால் இன்ச் இறக்கி, ஆர்ம்ஹோல் அடியையும் அதே கால் இன்ச் இறக்குங்கள்.

கொக்கிக்கு நடுவில் வாய் பிளந்தால், அல்லது மார்பு முனையிலிருந்து அக்குளை நோக்கிக் கோடு இழுத்தால்: மார்பில் இன்னும் இடம் போதவில்லை. 5-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

முன் கழுத்து தூக்கி நின்றால்: தூக்கும் அளவைக் குண்டூசியால் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பேப்பரில் கழுத்திலிருந்து பாயிண்ட் வரை ஒரு கோடு வெட்டி, கழுத்தில் அந்த அளவை மூடி ஒட்டுங்கள். கீழ் டாட் அந்த அளவுக்குக் கொஞ்சம் திறக்கும்.

முதுகு: கழுத்துக்குக் கீழே குறுக்கு மடிப்பு விழுந்தால் முதுகு உயரம் அதிகம், அந்த மடிப்பளவைப் பேப்பரில் மூடுங்கள். நாளெல்லாம் குனிந்து கம்ப்யூட்டர் பார்க்கும் முதுகுக்கு நேர்மாறு: கழுத்து பின்னால் இழுக்கும். தோள்பட்டை எலும்பு வழியாகக் குறுக்கே வெட்டி கால் இன்ச் திறந்துவிடுங்கள்.

இனி ஆர்ம்ஹோல். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

கொடியில் துணி போடுவது மாதிரி கையை மேலே தூக்குங்கள். ஜாக்கெட் மொத்தமாக மேலே ஏறி, அடி விளிம்பு மார்பின் மேல் வந்து நிற்கிறதா? அதைப் பார்த்ததும் எல்லோரும் "கைக்குழி பத்தல" என்று இன்னும் அரை இன்ச் இறக்கி வெட்டிவிடுவார்கள். அடுத்த ஜாக்கெட் இன்னும் மோசமாக ஏறும். மறுபடி இறக்குவார்கள். நானும் மூன்று ஜாக்கெட் இப்படி வீணாக்கியவள்தான்.

யோசித்துப் பாருங்கள். கை மடங்குவது அக்குளில். ஜாக்கெட்டின் குழி அக்குளுக்கு 2 இன்ச் கீழே இருந்தால், கையைத் தூக்கும்போது அந்த 2 இன்ச் பக்கத் துணியையும் சேர்த்துத்தான் கை தூக்குகிறது. குழி அக்குளுக்குப் பக்கத்திலேயே இருந்தால் தூக்குவதற்குத் துணியே இல்லை. ஆகவே குழியை ஏற்ற வேண்டும். அக்குளிலிருந்து அரை முதல் முக்கால் இன்ச் கீழே அடி இருக்கும்படி பேப்பரில் துண்டு ஒட்டி ஏற்றி வரையுங்கள். முன்பக்கம் மட்டும் உறுத்தினால் அடியை இறக்காமல் முன் வளைவை உட்பக்கம் ஒரு நூல், இரண்டு நூல் அளவு குடைந்துவிடுங்கள்.

எல்லாத் திருத்தத்தையும் காடா மேலேயே பேனாவால் எழுதி, உடனே பேப்பருக்கு மாற்றுங்கள். நாளைக்குச் செய்யலாம் என்று வைத்தால் எந்தப் பக்கம் கால் இன்ச் என்று மறந்துபோகும். திருத்தம் அரை இன்ச்சுக்கு மேல் போனால் இன்னொரு காடா வெட்டுவதே நல்லது.

7. கை

கையைக் கடைசியாக வைத்துக்கொள்ளக் காரணம், ஆர்ம்ஹோல் மாறினால் கையும் மாறும் என்பதுதான். திருத்திய ஆர்ம்ஹோலின் முன், பின் வளைவுகளைத் தையல் கோட்டில் டேப்பை நிறுத்தி அளந்து கூட்டுங்கள். கையின் மேல் வளைவு அதைவிட அரை முதல் 1 இன்ச் கூடுதலாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் காட்டனில் சுருக்கம் விழும். குறைந்தால் தோளில் இழுக்கும்.

கையின் முன் வளைவு பின் வளைவைவிட அதிகம் குடைந்திருக்கும். முன்பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு அடையாளம் போட்டு வையுங்கள். முன்னும் பின்னும் மாறினால் கை முறுக்கிக்கொள்ளும். தைத்தவருக்கு ஏன் என்றே புரியாது.

8. நல்ல துணியில் வெட்டுவது

தையலுக்கு விடும் துணி: ஷோல்டரில் அரை, கழுத்தில் கால், ஆர்ம்ஹோலில் அரை, பக்கங்களில் ஒன்றரை முதல் 2 இன்ச். பக்கத்தில் ஏன் இவ்வளவு என்று நம் ஊரில் சொல்லவே வேண்டாம். ஜாக்கெட் வாங்கியதும் உள்ளே திருப்பிப் "பிரிக்கத் துணி விட்டிருக்காங்களா" என்றுதானே முதலில் பார்ப்போம்.

பேப்பரின் நேர்க்கோடு துணியின் கரையோடு இணையாக இருக்க வேண்டும். துணியை இரண்டாக, நல்ல பக்கம் உள்ளே வைத்து மடித்து வெட்டினால் இடது, வலது தானாகக் கிடைக்கும். துணி பற்றாமல் ஒற்றையாக விரித்து வெட்டும்போதுதான் இரண்டு இடது கை வந்து நிற்கும். ஒற்றையில் வெட்டினால் இரண்டாவது துண்டுக்குப் பேப்பரைக் கவிழ்த்துப் போடுங்கள்.

வெட்டியதும் டாட், பாயிண்ட் எல்லாவற்றையும் துணியின் உள்பக்கம் சாக்கால் குறித்துவிடுங்கள்.

9. தைக்கும் வரிசை

கழுத்தைச் சுற்றி, விளிம்புக்கு உள்ளே ஒரு நூல் தள்ளி, ஒற்றைத் தையல் போடுங்கள். கழுத்து வளைவு கிராஸாக இருப்பதால் கையில் பிடிக்கப் பிடிக்க இழுபடும். இந்தத் தையல் அதைப் பிடித்து வைக்கும்.

டாட்கள். அகலமான முனையிலிருந்து ஆரம்பித்து, கூர் முனையில் துணியை விட்டு நழுவுவது போல முடியுங்கள். அங்கே பின்தையல் போடாதீர்கள், போட்டால் முடிச்சு துருத்தும். நூலை 2 இன்ச் விட்டு வெட்டி கையால் முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொரு டாட்டையும் சுருட்டிய துண்டின் மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். தட்டையான பலகையில் போட்டால், கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த வளைவு தட்டையாகிவிடும்.

கொக்கிப் பட்டியும் வளையப் பட்டியும். கொக்கிப் பட்டி முழுதாக உள்ளே மடியும், வளையப் பட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் உள்ளே மடித்தால் நடுவில் இடைவெளி, இரண்டையும் நீட்டினால் மார்பு தேவையில்லாமல் பெரிதாகும். எது எந்தப் பக்கம் என்று குழம்பினால் போட்டிருக்கிற ஜாக்கெட்டைக் குனிந்து பாருங்கள்.

அடிப் பட்டி, பிறகு ஷோல்டர், பிறகு கழுத்து. கழுத்துக்கு ஒன்றேகால் இன்ச் அகலக் கிராஸ் துண்டு. வளைவில் அதை லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தால் கழுத்து உடம்போடு ஒட்டி நிற்கும். திருப்புவதற்கு முன் தையல் அறுபடாமல் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டு போடுங்கள்.

கையின் ஓரத்தை மடித்துத் தைத்து, பக்கம் மூடாமல் தட்டையாக இருக்கும்போதே ஆர்ம்ஹோலில் இணையுங்கள். குழாயாக மூடிய பிறகு கை ஏற்றுவது புதியவர்களுக்குப் படாத பாடு. பிறகு கை முனையிலிருந்து அடி வரை பக்கத்தை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அக்குளில் இரண்டு தையலும் ஒன்றின் மேல் ஒன்று சேர்கிறதா என்று குண்டூசி குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டுப் பார்த்து சரி என்றால், அந்தத் தையலுக்கு வெளியே கால் கால் இன்ச் தள்ளி இன்னும் இரண்டு தையல். உடம்பு போட்டால் உள் தையலை மட்டும் பிரித்தால் போதும், ஜாக்கெட் தயார்.

10. கொக்கி

ஐந்தோ ஆறோ. மேலிருந்து வரிசையாகச் சம இடைவெளியில் வைத்துக்கொண்டு வராதீர்கள். முதல் கொக்கியை மார்பு முனைக்கு நேராக வையுங்கள், இழுவை அதிகம் அங்கேதான். அடுத்தது கழுத்து ஓரத்தில், அதற்கடுத்தது பட்டியில். மிச்சத்தை நடுவில் பிரித்துக்கொள்ளுங்கள். கொக்கியின் இரண்டு துளையை மட்டும் தைத்துவிட்டு விடாமல் கொக்கியின் கழுத்தையும் இரண்டு சுற்று சுற்றுங்கள், இல்லாவிட்டால் தலை தூக்கி நிற்கும்.

திருத்திய பேப்பரில் பெயர், தேதி, மேல் மார்பு, மார்பு நான்கையும் எழுதி, மடிக்காமல் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். மடித்த இடத்தில் பேப்பர் கிழிந்தால் அடுத்த முறை டாட் கோடு எது, மடிப்புக் கோடு எது என்று தெரியாது.